ஒத்திகைக்கு வந்தவன்

"அங்கேயே நில்லுங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அந்த நெட்டை மனிதன் தூக்கிய காலைக் கீழே வைக்காமலே நின்றுவிட்டான்.

வெளியே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அவன் தலையிலிருந்தும் மூக்கு நுனியிலிருந்தும் சட்டைக் கையிலிருந்தும் சொட்டுச் சொட்டாய் நீர்... காலடியில் ஒரு குட்டிக் குளமே தேங்கிவிட்டது.

"இந்த ஈரத்தோட மிஷின் ரூமுக்குள்ள போகலாம்னு பாத்தீங்களா? உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?"

"தெரியுங்க. அதைப் பாக்கத்தான் வந்தேன்."

"பாஸ் எங்க?"

பையைத் துழாவி ஓர் அட்டையை நீட்டினான். அதிலிருந்த புகைப்படம் மழையில் கரைந்து, மீசை மட்டும் மிச்சமிருந்தது.

"இது நீங்கதானா?"

"மீசை என்னுதுதான்..."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்தால் மரியாதை போய்விடும்! அந்த வங்கியின் தலைமைக் கணினி மையத்தில் மிஷின் ரூம் அவள் பொறுப்பு. அவள் கண்டிப்பைப் பார்த்து எல்லோரும் வைத்த பெயர் 'டீச்சர்'. அது தெரியாமல் இந்த நெட்டையன், நனைந்த இமைகளைக் கொட்டிக் கொட்டி அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறானே...

அதற்குள் மேலாளர் வேகமாக வந்தார். "அட, வந்துட்டீங்களா? டீச்சர், இவர்தான் நம்ம ரெண்டாவது மையத்து இன்ஜினியர். இன்னிக்கு ஒத்திகையை நடத்தப்போறவர்."

இவனா!

வங்கிக்கு இரண்டு மையங்கள். இந்த மையத்துக்கு வெள்ளம், தீ என்று ஏதாவது வந்தால், அத்தனை வேலையும் மலைக்கு அப்பால் இருக்கும் இரண்டாவது மையத்துக்குப் போய்விட வேண்டும். அதற்குத்தான் இந்த ஒத்திகை. மனிதக் கை படாமல் தானாகவே மாற்றிவிடும் கணினி நிரலை எழுதியவன்தான் இவன். 'ஒரு மனுஷன் சரி என்று சொல்லாமல் மாறக் கூடாது' என்று ஒரு வருஷமாக மின்னஞ்சலில் அவனோடு மல்லுக்கட்டியவள் அவள். பார்த்ததில்லை, பேசியதில்லை. சண்டை மட்டும் குறைவில்லாமல் நடந்தது.

"அப்போ அந்த 'தயவுசெய்து மீண்டும் பரிசீலிக்கவும்' நீங்கதானா?" என்றான் அவன், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"அந்த 'ஏற்கெனவே விளக்கியாகிவிட்டது' நீங்கதானே?"

"கொஞ்சம் தலை துவட்டிட்டு வந்து சண்டை போடலாமா?"

"பாத்ரூம்ல கை காயவைக்கிற மிஷின் இருக்கு. அதுல தலையைக் காட்டுங்க."

நிஜமாகவே காட்டிவிட்டு வந்தான். முடியெல்லாம் ஒரே பக்கமாக நட்டுக்கொண்டு நின்றது. இந்த முறை அவளால் அடக்க முடியவில்லை... கலகலவென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் அவன் கேட்க வந்ததை மறந்து நின்றான்.

உள்ளே குளிர்ந்த காற்று வீசியது. கறுப்பு அலமாரிகள்போல் வரிசையாக மெயின்ஃப்ரேம்கள் என்னும் ராட்சதக் கணினிகள். எல்லாம் கூட்டாக நின்று ஒரே வேலையைப் பங்குபோட்டுச் செய்பவை. எந்தப் பணம் முதலில் போனது, எது பின்னால் வந்தது என்று அவற்றுக்குள் தகராறு வரக் கூடாது அல்லவா? அதற்காக அத்தனைக்கும் நேரம் சொல்ல ஒரே கடிகாரக் கருவி. அது படுத்துவிட்டால் கைகொடுக்க இன்னொன்று.

அவன் எதையும் அவளைக் கேட்காமல் தொடவில்லை. அவள் பேசினால் குறுக்கே வராமல் கேட்டான்.

"பொய்யான அலாரம் ஒண்ணு அடிச்சாப் போதும், நல்லா இருக்கற மையத்தை விட்டுட்டு எல்லாம் அங்க ஓடிடும். அதான் என் பயம்" என்றாள்.

"அப்படின்னா நடுவுல ஒரு சின்ன அவகாசம் வைப்போம். வேணாம்னா நீங்க நிறுத்தலாம். நிறுத்தலைன்னா தானாப் போகும்."

அவள் திகைத்துப் போனாள். "இவ்ளோ சுலபமா? இதை மெயில்லயே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா 'சரி'ன்னு ஒத்தை வரியில முடிச்சிருப்பீங்க..." என்றவன், சட்டென்று குனிந்து எதையோ தேடுவதுபோல் கேபிள்களைப் பார்க்க ஆரம்பித்தான்.

அந்தக் குளிரிலும் அவள் காது மடல் சுட்டது. ஐயோ... இவன் என்ன சொல்கிறான்?

அன்று விடுமுறை நாள். வாடிக்கையாளர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் ஒத்திகை தொடங்கியது. முதல் கடிகாரத்தை வேண்டுமென்றே அணைத்தார்கள். இரண்டாவது கைகொடுக்க வேண்டும்... கொடுக்கவில்லை! நேரம் தெரியாத மெயின்ஃப்ரேம்கள், தப்பாகக் கணக்கெழுதுவதைவிடச் சும்மா இருப்பதே மேல் என்று ஒவ்வொன்றாகக் கூட்டத்தை விட்டு விலகி நின்றுவிட்டன. திரை முழுக்கச் சிவப்பு. தொடங்கிய இடத்திலேயே ஒத்திகை முடிந்துபோனது.

தேடியதில் காரணம் கிடைத்தது. உதவிக் கடிகாரத்தின் கேபிள் இடம் மாறிச் செருகப்பட்டிருந்தது. போன வாரம் சுத்தம் செய்தபோது அவள் கண்ணெதிரே கழற்றி மாட்டியது. சரியாக இருக்கிறது என்று சொன்னவளும் அவள்தான்.

"யாரோட தப்பு இது?" கூட்டத்தில் மேலாளர் கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "என் தப்புதான் சார். காலையில பாக்கறப்போ நான்தான் மாத்திச் செருகிட்டேன்."

அவளுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. புரிந்ததும் ரத்தம் கொதித்தது. இடைவேளை விட்டதும் நடைவழியில் அவனை மறித்தாள்.

"உங்களை யார் கேட்டா?"

"இல்ல... நீங்க இங்கயே இருக்கப்போறவங்க. நான் போயிடுவேன். அதான்..."

"என் தப்பைச் சொல்லிக்க எனக்கு வாய் இல்லையா? பாவம்னு நினைச்சீங்களோ?"

"அப்படி இல்லங்க..."

அவள் நிற்கவில்லை. நேரே உள்ளே போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். மேலாளர் அவளைத் திட்டவில்லை. ஆனால், "நீங்க எதுக்குங்க பொய் சொன்னீங்க?" என்று அவனைக் கேட்டார். அவன் முகம் சுண்டிப்போயிற்று. மழை விடாத அந்த மாலையில், போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டான்.

அதன் பிறகு வேலை மட்டும் நடந்தது. கேபிள்களுக்கு நிறம் குறித்தார்கள். அவன் சொன்ன அவகாசம் நிரலில் ஏறியது. மறு ஒத்திகை ஒழுங்காக முடிந்தது. எல்லாம் தொலைபேசியிலேயே... "சரிங்க மேடம்", "நன்றி சார்". அந்த 'மேடம்' என்ற சொல் அவளை என்னவோ செய்தது. சண்டையாவது போடக் கூடாதா இந்த மனுஷன்?

"ஏன்டி சரியாச் சாப்பிட மாட்டேங்கறே?" என்று அம்மா தினமும் கேட்டாள்.

"வேலைம்மா."

"வேலைக்கு மீசை இருக்கா?"

"அம்மா!" என்று கத்திவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவனைப் பற்றி அம்மாவிடம் எவ்வளவு உளறி வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த மழை நிஜமாகவே வெள்ளத்தைக் கொண்டுவந்தது. நட்டநடுப் பகலில், கீழ்த்தளத்து மின்சார அறைக்குள் தண்ணீர் புகுந்தது. ஜெனரேட்டர் இருமியது. திரையில் எச்சரிக்கை... இடம் மாறப் போகிறது, நிறுத்த வேண்டுமானால் இப்போதே நிறுத்து!

அவள் விரல் நிறுத்தும் பொத்தானின் மேல் இருந்தது. பொய் அலாரமா? ஓடிப் போய்ப் பார்த்து வர நேரமில்லை. கடிகாரங்களைப் பார்த்தாள், சரி. மின்சாரத்தைப் பார்த்தாள், விழுந்துகொண்டிருந்தது. அந்த நிரலின் ஒவ்வொரு வரியையும் அவனோடு வாதாடி வாதாடி அவள் அறிவாள். பொத்தானிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு திரையாக இருண்டது.

தொலைபேசி மணி அடித்தது.

"வந்துடுச்சு..." அவன்தான். "எல்லாம் இங்க வந்துடுச்சுங்க. ஒண்ணுகூட விடுபடலை. நீங்க... நீங்க பத்திரமா இருக்கீங்களா? தண்ணி உங்க மாடிக்கு வரலையே?"

'மேடம்' இல்லை! அவளுக்கு ஏனோ கண் நிறைந்துவிட்டது.

முதல் மையம் சீராகும் வரை அவளும் குழுவும் இரண்டாவது மையத்துக்குப் போய் வேலை பார்க்க வேண்டும். வேன் மலையேறி இறங்கியபோது சாயங்காலமாகிவிட்டது. மழை தூறலாகியிருந்தது. கேன்டீனில் எல்லோரும் தேநீருக்கு மொய்க்க, ஜன்னலோர மேஜையில் அவன் மட்டும் தனியாக எழுந்து நின்றான். அவள் நேரே போய் எதிரே உட்கார்ந்தாள்.

"உக்காருங்க. நெட்டையா நின்னா எனக்குக் கழுத்து வலிக்குது."

உட்கார்ந்தான். கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். "அன்னிக்கு... உங்க தலை குனியறதைப் பாக்க எனக்கு மனசு வரலை. அதுக்காக உங்க வாயை நான் மூடப் பாத்தது தப்புதாங்க. மன்னிச்சிடுங்க."

"என் கோபம் அதுக்கில்ல."

"பின்னே?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடியில் தூறல் கோடு கோடாய் இறங்கியது. எத்தனை பேரை அதட்டிய குரல்... இப்போது மெல்லத்தான் வந்தது.

"எனக்காக ஒருத்தர் எல்லார் முன்னாடியும் பொய் சொன்னாரே... அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. பிடிச்சிருக்கக் கூடாது இல்ல? ஆனா பிடிச்சிருந்துச்சு. அந்தக் கோபம்தான்!"

கோப்பை சுற்றுவது நின்றது. அவன் கண்கள் மெல்ல உயர்ந்தன. அவற்றில் பயமும் ஆசையும் போட்டிபோட்டுக்கொண்டு மின்னின.

"நான் இனிமே பொய் சொல்ல மாட்டேங்க. அதனால ஒரு உண்மையைச் சொல்லிடறேன்..." கோப்பையைத் தள்ளி வைத்தான். "என் மனசு முழுக்க நீங்கதான் இருக்கீங்க. இங்க ஒரு வேலையும் ஓட மாட்டேங்குது."

அவள் கன்னம் இரண்டும் சிவந்து, இமைகள் தாழ்ந்து...

"டீச்சர்..." அவன் பரிதாபமாகக் கேட்டான். "பொய் சொன்னது பிடிச்சிருந்துச்சுன்னீங்க. பொய் சொன்னவனை...?"

தூரத்து மேஜையில் மேலாளர் இவர்களைப் பார்த்துவிட்டு, நாகரிகமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அவரையும்தான்..." என்றாள் அவள், தனக்கே கேட்காத குரலில். "ரொம்ப... ரொம்பப் பிடிச்சிருக்கு."