ஈரமண் குழி

முல்லைத்தீவுக் கரையில் அந்தப் பழைய வீட்டுக்குக் கொலின்ஸ் குடிவந்தது கடலட்டை அவிக்கத்தான். அந்த வேலையின் நாற்றம் தெரிந்த ஒருவரும் பக்கத்தில் குடியிருக்கமாட்டார்கள். அட்டையின் வயிற்றைக் கீறி, கிடாரத்தில் அவித்து, முற்றத்துக் குழியில் ஈரமண்ணுக்குள் புதைத்து வைப்பான். மறுநாள் தோண்டும்போது மேல்தோல் ஊறிக் கழன்றிருக்கும். உரசிக் கழுவினால் சுத்தமான அட்டை கிடைக்கும். அந்தக் குழியை அவன் வெட்டவில்லை. முன்பிருந்தவர்கள் விட்டுப்போனது.

வந்த அன்றே ஜன்னல் கம்பியில் ஒரு பச்சோந்தி இருந்தது. பிள்ளை வயிற்றிலேயே இறந்த பிறகு பாயை விட்டு எழும்பாத அவன் மனைவி கிருசாந்தினி, அதைக் கண்டுதான் எழும்பினாள். வெட்டுக்கிளி பிடித்துக் கொடுத்தாள். அது தின்றால் தானும் இரண்டு வாய் சோறு தின்றாள். பார்க்க அருவருப்பான பிராணிதான். ஆனாலும் கொலின்ஸ் அதற்கு மனதுக்குள் கும்பிடு போட்டான்.

பொழுதுபட்டால் வெளிறித் தூங்கி, வெயில் ஏற விழிக்கிற பிராணி அது. மாரி முடிந்த கையோடு முறை மாறியது. பகலெல்லாம் கண் உள்ளே போய்த் தூங்கியது. இருட்டினால் ஜன்னல் கம்பியில் உடம்பை உரசிக்கொண்டே கிடந்தது. தோல் வெள்ளை வெள்ளையாகச் சிலும்பி நின்றதே தவிரக் கழலவில்லை. தீனியைத் தொடவில்லை. கிருசாந்தினியும் சோற்றைத் தொடாமல் மறுபடி பாயில் சுருண்டாள்.

“அது செத்தா நான் எழும்பமாட்டன்,” என்றாள்.

தோல் கழற்றக் கொலின்ஸுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். ஒரு காலை, மூக்கை மட்டும் வெளியே விட்டு, பச்சோந்தியை அந்தக் குழியில் புதைத்தான்.

பின்னேரம் தோண்டியபோது பச்சைப் பசேலென்று மினுங்கிக்கொண்டு வந்தது. கழன்ற தோல் மண்ணில் கிடந்தது, ஈரமாக, கால்விரல்கூடக் குறையாமல். அட்டையோடு மாரடிக்கிறவனே அதைத் தொட்டுவிட்டுக் கையை மண்ணில் தேய்த்துத் துடைத்தான்.

அன்றிலிருந்து பச்சோந்தி தூங்கவேயில்லை. இரவும் பகலும் தின்றது. கிருசாந்தினியும் எழும்பிக் குசினியில் சமைக்கத் தொடங்கினாள்.

பிறகு கிருசாந்தினியின் முழங்கையில் வெள்ளையாகத் தோல் எழும்பியது. கழுத்தில். நெற்றியில். பாயைத் தட்டினால் பொலபொலவென்று கொட்டியது. ஒரு நாள் சோற்றுக்கு விட்ட சொதியில் என்னவோ கொலின்ஸின் பல்லில் மாட்ட, வெங்காயத் தோலென்று மென்றான். வெளியே எடுத்துப் பார்த்தால் அதில் மெல்லிய மயிர் இருந்தது.

முற்றத்துக்கு ஓடி, குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்தான்.

“இஞ்சேருங்கோ,” என்றாள் கிருசாந்தினி, பின்னால் வந்து நின்று, மெதுவாக. “என்னையும் மண்ணுக்குள்ள தாட்டு விடுங்கோ. உடம்பெல்லாம் இறுக்குது.”

“உனக்கென்ன விசரே? வாயை மூடு!”

மறுநாள் அவளை டொக்டரிடம் கொண்டுபோக ஆட்டோ தேடிச் சந்திக்குப் போனான். ஒன்றும் கிடைக்காமல் உச்சி வெயிலில் வெறுங்கையோடு திரும்பினான்.

அவள் குசினியில் இருந்து சோறு தின்றுகொண்டிருந்தாள். முகம் பிறந்த பிள்ளையின் தோல் மாதிரி மினுங்கியது.

“சரியான பசி. நீங்களும் இருங்கோ,” என்று சிரித்தாள்.

எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! கொலின்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது. மாதாவே, இது போதும் என்று அவள் தலையைத் தடவினான்.

கையில் ஈரமண் ஒட்டியது.

அவன் முற்றத்துக்கு ஓடினான். காலையில் திறந்து கிடந்த குழி மூடியிருந்தது. மேலே யாரோ கையால் தட்டி இறுக்கிய அடையாளம். முழந்தாளிட்டு வெறுங்கையால் தோண்டினான். மண் சூடாக இருந்தது. புளித்த பால் நாற்றம் மூக்கில் ஏறியது.

முதலில் ஒரு கை தெரிந்தது. வெளிறிச் சுருங்கி, நகங்களோடு.

அவள் கழற்றிய தோல்தான், வேறொன்றுமில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். மூச்சை அடக்கி அதைப் பிடித்து இழுத்தான்.

கனத்தது.

தோலுக்குள் எலும்பு இருந்தது.

விரல்கள் மடங்கி அவன் கையைப் பற்றின.

“இஞ்சேருங்கோ,” என்று குசினியிலிருந்து அன்பாகக் குரல் வந்தது. “அதை மூடிப்போட்டு வாங்கோ. சோறு ஆறுது.”

பற்றிய விரல்கள் இறுகின.