இரண்டாம் மணி

"ஐயா, என் வூட்டுக்காரரக் கட்டிவச்சு அடிச்சுகினு கீறாங்க! நீங்க வரலேன்னா செத்துப்பூடுவாரு!"

ஞாயிறு காலை ஏழரை மணி. துப்பறியும் தாமோதரன் காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் உதவியாளன் ஹபீபுல்லா செருப்பை மாட்டிவிட்டான். கூப்பிட வந்த செல்லம்மா வழிநெடுக அழுதுகொண்டே சொன்னாள். எண்ணூர் மெதடிஸ்ட் கோயிலில் மணியடிக்கும் ஜேக்கப் கிழவர் மண்டை பிளந்து செத்துக் கிடக்கிறார். ஞாயிறுதோறும் அவருக்கு மீன் கொண்டுபோகும் அவள் புருஷன் பொன்னுரங்கம் அவரைத் தூக்கப் போய்க் கையெல்லாம் ரத்தம்; அவன்தான் கொன்றான் என்று பிடித்துக் கட்டிவிட்டார்கள்.

"முதல் மணி கேட்டதா?"

"ஏழுக்குக் கேட்டுதுங்க. ரெண்டு ரெண்டா மூணு தபா. அப்பாலதான் இவரு உள்ள போனாரு."

"ஜேக்கப் எப்படி அடிப்பார்?"

"அவரு நிக்காம அடிச்சுகினே இருப்பாரு, காது கிழியும்."

கோயில் வேப்பமரத்தில் பொன்னுரங்கம் கட்டுண்டு கிடந்தான். இரு கைகளையும் முறித்திருந்தார்கள். ஆராதனைக்கு வெள்ளை வேட்டி கட்டி வந்தவர்கள் செய்த வேலை! தாமோதரன் அடியை நிறுத்தினார். கட்டை அவிழ்க்க மட்டும் யாரும் விடவில்லை.

முப்பது வருஷம் கப்பலில் சுக்கான் பிடித்துத் திரும்பிய சபை மூப்பர் வெள்ளத்துரை முன்னால் வந்தார். "ஏழு மணி சத்தம் அடங்கறதுக்குள்ள நான் பக்கத்துல போதகர் வூட்டாண்ட இருந்தேன். மணியடிச்சாருன்னா அப்போ ஜேக்கப் உயிரோடதான இருந்தாரு? அதுக்கப்புறம் உள்ள போனவன் இவன் ஒருத்தன்தான்."

"நியாயம்தானே சார்," என்றான் ஹபீபுல்லா.

"இன்று என்ன விசேஷம்?"

"கோயிலுக்கு எழுபத்தஞ்சாம் வருஷம்," என்றார் வெள்ளத்துரை. " எங்க தாத்தா உடைஞ்ச கப்பல்லேர்ந்து மணியக் கொண்டாந்து கட்டின கோயிலு. ஜேக்கப் எழுதின வரலாறப் படிக்கறதா இருந்தது. அந்தக் காகிதத்தக் காணோம்."

"எட்டாகிறது. ஆராதனை நிற்க வேண்டாம். இரண்டாம் மணியை நீங்களே அடியுங்கள்."

வெள்ளத்துரை கயிற்றைப் பிடித்தார். டங்டங். டங்டங். டங்டங். டங்டங்.

"ஐயோ, அதே மாதிரி!" செல்லம்மா அலறினாள்.

"கப்பலில் மணி ஜோடி ஜோடியாகத்தான் அடிப்பார்கள்," என்றார் தாமோதரன். "நாலு மணியிலிருந்து அரைமணிக்கு ஓர் அடி கூடும்; காலை ஏழுக்கு ஆறு அடி, எட்டுக்கு எட்டு அடி. ஏழு மணிக்கு ஜேக்கப் செத்துக் கிடந்தார். உயிரோடிருப்பதாகக் காட்ட இந்தக் கை அடித்தது. முப்பது வருஷப் பழக்கம் போகுமா? ஹபீபுல்லா, அவர் கோட்டுப் பையைப் பார்."

ரத்தம் தோய்ந்த காகிதங்கள் வந்தன. ஹபீபுல்லா உரக்கப் படித்தான்: "மணியெடுக்கப் போன நம் நிறுவனர், உடைந்த கப்பலில் உயிரோடிருந்த மாலுமியைக் கோடரியால் வெட்டினார். சாகும்போது நிறுவனரே சொன்னது பழைய பதிவேட்டில் இருக்கிறது."

"படிக்காதன்னு எத்தினி தபா கெஞ்சினேன்!" வெள்ளத்துரை கத்தினார்.

பொன்னுரங்கத்தை அடித்த அதே கட்டைகளைக் கூட்டம் எடுத்துக்கொண்டு அவர்மேல் பாய்ந்தது. குறுக்கே விழுந்த தாமோதரனுக்கும் அடி. அவர் கத்தியதை யாரும் கேட்கவில்லை.

"வுடு நைனா!" மரத்தடியிலிருந்து பொன்னுரங்கத்தின் குரல். "ரொம்ப வலிக்கும். எனக்குத் தெரியும்."

கட்டைகள் நின்றன. அப்போதுதான் ஒருவன் பொன்னுரங்கத்தின் கயிற்றை அவிழ்க்க வந்தான். செல்லம்மா தொடவிடவில்லை.