முழு மயக்கம்

மயக்க மருந்துப் போத்தலின் மூடி இன்னும் திறபடவில்லை. ஆனாலும் அழுகிய மாம்பழம் போன்ற ஓர் இனிப்பு வாடை, சத்திரசிகிச்சை அறைக்குள் வந்ததுமே அருளம்பலத்தாரின் தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

சண்டிலிப்பாயில் காணி உறுதி எழுதும் நொத்தாரிசு அவர். குடலிறக்கத்துக்காக வந்திருந்தார். டாக்குத்தர் அவருக்கு நேற்றுப் பிறந்த பொடியன்; தாதி லூர்த்தம்மா எடுபிடி; வெளியே கும்பிட்டபடி நின்ற மனைவி மீனாம்பிகை ஒரு மாடு.

"நித்திரை மருந்துதானே?"

"நித்திரை இல்லை ஐயா," என்றார் டாக்குத்தர், கை கழுவியபடி. "நித்திரையிலை கிள்ளினால் முழிப்பியள். பல்லுப் பிடுங்க முரசுச் சதையை விறைக்க வைக்கிறதையும் சனம் மயக்கம் எண்டுதான் சொல்லுது. அது ஒரு இடத்துக்கு மட்டும். இது முழு மயக்கம். நோகாது, உடம்பு அசையாது, நினைவு இராது. ஆள் அங்கை இல்லை."

"ஆள் இல்லாட்டி ஆர் மூச்சு விடுறது?" அருளம்பலத்தார் ஏளனமாகச் சிரித்தார்.

துணி போர்த்த கம்பிக் கூட்டை லூர்த்தம்மா அவர் மூக்கில் வைத்தாள். அதன்மேல் மருந்துத் துளிகள் விழுந்தன. காதுக்குள் கீரிமலைக் கடல் இரைவது போல ஓர் ஓசை எழுந்து, விளக்கின் வெளிச்சமும், தட்டில் கத்திகள் கிணுகிணுக்கும் சத்தமும், முகத்துக்கு மேலே அசைந்த வெள்ளைத் துணிகளின் நிழலும் கிணற்று வாயைப் போல மேலே மேலே விலகிச் சென்றன.

அவர் போகவில்லை.

"மயங்கிட்டார்," என்றாள் தாதி.

இல்லையடி மோட்டுக் கழுதை என்று சொல்லப் பார்த்தார். நாக்கு எழவில்லை. விரல் எழவில்லை. வயிற்றில் ஏதோ கிழிந்தது. நோகவில்லை. பிறகு நெஞ்சு ஏறியது. மூச்சை இழுத்தது அவர் இல்லை. குடிவந்த வீட்டின் கதவுகளைத் திறந்து பார்ப்பது போல, யாரோ அவருடைய கையை அசைத்துப் பார்த்தார்கள். காலை. கடைசியாக வாயை.

பின்னேர வெயிலில் கண்கள் திறந்தன. அவர் திறக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, தண்ணி வேணுமோ?" கட்டிலருகே மீனாம்பிகை.

"வேண்டாம். நீர் இரும், கால் நோகும்," என்றது அவருடைய வாய்.

அவள் அந்த முகத்தையே பார்த்தாள். உள்ளே அவர் கத்தினார். நானில்லை. அது நானில்லை.

"உள்ளுக்கை ஒராள் கத்துது," என்றது வாய், மெதுவாக. "உமக்குக் கேக்குதோ?"

மீனாம்பிகை குனிந்து அவர் நெஞ்சில் காதை வைத்தாள். நெடுநேரம் வைத்திருந்தாள்.

"ஓம், கேக்குது," என்றாள். "கத்தட்டும்."

பிறகு, பிணத்துக்கு மூடுவதுபோல, இரண்டு விரல்களால் அந்த இமைகளை இழுத்து மூடினாள்.