கோலி உள்ளே வரலாம், வெளியே போகக் கூடாது

முன் தெருப் பிள்ளைகளுக்கு அவள்தான் சட்டாம்பிள்ளை. தையல்காரர் மகள். வயது பத்து, வாய் மட்டும் இருபது.

"நாம பட்டம் செஞ்சு பின் தெருவுக்கு விப்போம். கோலி வாங்கிப்போம். ஆனா அவங்ககிட்ட ஒரு துரும்புகூட வாங்கக் கூடாது. கோலி உள்ளே வரலாம், வெளியே போகக் கூடாது. இதுதான் சட்டம்!" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அடேயப்பா, என்ன வசூல்! ஒரே மாதத்தில் பிஸ்கட் டப்பா நிரம்பியது. தெருவுக்கே பணக்காரக் களை வந்துவிட்டதாக அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் இந்த வாரம் பட்டம் வாங்க ஈ காக்காய்கூட வரவில்லை.

சனிக்கிழமை தச்சர் மகள் வந்தாள். பின் தெருக்காரி, இவளுடைய வகுப்புத் தோழி. முன்பெல்லாம் அவள் செய்யும் பம்பரத்துக்கு இந்தத் தெருவில் அடிதடியே நடக்கும். சட்டம் வந்தபின் அவள் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

"ஒரு பட்டம் வேணும். தம்பிக்குக் கால்ல கட்டு. படுத்தே கிடக்கான். ஜன்னல் வழியா பார்ப்பானேன்னு..." உள்ளங்கையை விரித்தாள். ஒரே ஒரு நீலக் கோலி. "எங்க தெருவுல மிச்சம் இது ஒண்ணுதான்."

சட்டாம்பிள்ளைக்குக் கை நீளவில்லை. அடக் கடவுளே, இவர்களை இப்படி ஆண்டியாக்கியது நான்தானா!

"கோலியை நீயே வெச்சுக்கோ. பம்பரம் இருக்கா?"

"இருபது கிடக்கு. யாரு வாங்குறா?"

"நாங்க வாங்குறோம். ஒண்ணுக்கு அஞ்சு கோலி. பட்டம் தம்பிக்குச் சும்மா."

டப்பாவுக்குக் காவல் இருந்த 'குண்டுமணி' அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "ஐயோ அக்கா! நூறு கோலி போயிடுமே! சட்டம் என்னாச்சு?"

"டேய், நாம கோலி ஆடி எத்தனை நாளாச்சு?"

"நீதானே டப்பாவைத் தொடக் கூடாதுன்னே!"

"சரி, பட்டம் ஏன் விக்கலை?"

"அவங்ககிட்டதான் கோலியே இல்லையே..." சொல்லும்போதே குண்டுமணியின் பிடி தளர்ந்தது.

"போட்டவளும் நான், எடுக்கறவளும் நான். சட்டம் ரத்து!"

அன்று சாயங்காலமே பின் தெருப் பிள்ளைகள் பம்பரம் விற்ற கோலியோடு வந்து ஒன்பது பட்டம் வாங்கினார்கள். பிறகு தம்பியின் ஜன்னலுக்குக் கீழே குழி தோண்டி, இரண்டு தெருவும் சேர்ந்து ஆட்டம் தொடங்கியது.

சட்டாம்பிள்ளை ஆறு கோலியோடு போனாள். ஐந்தைத் தோற்றாள்.

"அக்கா, விடாதே! அதையும் உருவிடு!" என்று ஜன்னலிலிருந்து தம்பி கத்தினான்.

தச்சர் மகள் குறி பார்த்தாள். டக்! அதுவும் போயிற்று.

"இன்னொரு ஆட்டம்!" என்று கத்திய சட்டாம்பிள்ளைக்குச் சிரித்துச் சிரித்து வயிறே வலித்தது.