உடைந்த பலகையும் ஏழாம் எண்ணும்

கணபதிப் பகுதியில் ஒரு லேத்துப் பட்டறையின் மாடியில் இருந்தது புவனாவின் துப்பறியும் அலுவலகம். கீழே இரும்பைக் கடையும் சத்தம் ஓய்ந்தால்தான் மேலே மனுஷர் பேச முடியும். அன்று மின்தடை. அந்த அபூர்வ அமைதியில் படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"அக்கா, போலீஸ்!" என்று துள்ளி எழுந்தான் ஷாநவாஸ். இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரித்துக்கொண்டிருந்தவன். அந்த வேலையை விட்டு புவனாவிடம் சேர்ந்து நான்கு வருடமாகிறது. யோசிப்பதற்கு முன்பே முடிவு சொல்லிவிடும் பழக்கம் மட்டும் அவனை விட்டுப் போகவில்லை.

"போலீஸ்காரங்க இப்படி ஒரே தாளத்துல படியேற மாட்டாங்க தம்பி. நான் இருவது வருஷம் அங்க இருந்தவ. இது பட்டாளம்," என்றார் புவனா.

வந்தவர் ஓய்வுபெற்ற கர்னல் சென்னியப்பன். விறைப்பான மனிதர்தான்; ஆனால் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"ஏனுங்க அம்மணி, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணுமுங்க. இல்லீன்னா ஒரு புள்ளையோட வாழ்க்கையை நானே கெடுத்தவனாயிருவேன்."

அவர் சொன்ன கதை இது. ராணுவ அதிகாரியாக ஆசைப்படும் பிள்ளைகளில் வருடத்துக்கு ஒருவருக்கு, படிப்பும் பயிற்சியுமாக மூன்று வருடச் செலவு முழுவதையும் ஓர் அறக்கட்டளை ஏற்கிறது. அதன் தேர்வுக்குப் பொறுப்பு கர்னல். சிங்காநல்லூரைத் தாண்டி, மூடிப்போன ஒரு மில்லின் மைதானத்தில் முகாம். மதிப்பெண்ணும் ஓட்டமும் பார்த்துப் பலரைக் கழித்த பிறகு, மிஞ்சியவர்களை மூன்று அதிகாரிகள் தனித்தனியாக எடைபோடுவார்கள். ஒருவர் எழுதவைத்து மனத்தைப் பார்ப்பார். இன்னொருவர் நேர்காணல் செய்வார். மூன்றாமவர் மைதானத்தில் தடைகளைத் தாண்டவைத்துப் பார்ப்பார். முடிவு நாள்வரை மூவரும் ஒருவருக்கொருவர் மூச்சு விடக் கூடாது.

"பேரு, ஊரு, சாதி, சனம் எதுவும் அவங்களுக்குத் தெரியாதுங்க. பசங்க நெஞ்சுல கட்டியிருக்கற எண் மட்டுந்தான். பசங்களும் ஒருத்தரையொருத்தர் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடணும். பேரெல்லாம் என் பீரோவுல பூட்டியிருக்கு. சாவி எங்கிட்ட."

"கடைசியில நின்னது யாரு?"

"ரெண்டே பேருங்க. ஏழு, பதினொன்னு. ஏழு ஹிபா. அப்பா ரசாக், இதே கணபதியில கிரில் பட்டறை வெச்சிருக்காரு. வயசு வரம்பு இந்த வருஷத்தோட முடியுது. அந்தப் புள்ளைக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. பதினொன்னு ரித்விக், கோபிசெட்டிபாளையத்துப் பையன். இன்னிக்குக் காலைல ரெண்டு பேருக்கும் கட்டளைத் தேர்வு. ரெண்டு ஆளைக் கையில கொடுத்துருவோம். பலகை, கயிறு வெச்சு ஒரு ட்ரம்மைப் பள்ளத்துக்கு அந்தப்பக்கம் சேர்க்கணும். எண் வரிசைப்படி ஏழுதான் முதல்ல. ஆனா நேர்காணல் அதிகாரி ஹிபாவை இன்னுமொரு தடவை பேசணும்னு கூப்பிட்டுட்டாரு. சரின்னு நான் பதினொன்னை முதல்ல அனுப்பிச்சேன். மைதான அதிகாரி மனோஜ்குமார், தனியாப் பயிற்சி மையம் நடத்தறவரு, அப்பக் கயிறு எடுக்க ஸ்டோருக்குப் போயிருந்தாரு. அவரு திரும்பி வர்றப்ப பையன் பலகையில கால் வெச்சுட்டான். 'ரித்து, நில்லு!'னு மனோஜ் கத்துனாரு. பாவம், பையன் நிக்கறதுக்குள்ள பலகை நடுவுல முறிஞ்சு போச்சு. மணிக்கட்டு உடைஞ்சு ஆஸ்பத்திரில கிடக்கறான்."

பலகையின் அடிப்பக்கம் பாதிக்குமேல் அறுக்கப்பட்டிருந்தது. அறுத்த இடத்தில் பெயிண்டர்கள் பூசும் பட்டியைப் பூசி மறைத்திருந்தார்கள். பள்ளத்தில் இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடின் துண்டு ஒன்று கிடந்தது. இரும்புப் பட்டறைகளில் குப்பையாகக் கிடக்கும் சாமான்.

"போட்டியாளன் விழுந்தான், பட்டறைக்காரர் மக மிச்சம். அஞ்சு மணிக்கு அறக்கட்டளைக் கமிட்டி கூடுது; அதுல எல்லாரும் ஹிபாவை நீக்கச் சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பலீங்க."

"மனசு ஒப்பாட்டியும் கணக்குச் சரியா இருக்கே சார்," என்றான் ஷாநவாஸ். புவனா அவனைப் பார்த்த பார்வையில் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

மைதானம் வெயிலில் காய்ந்து கிடந்தது. தடைகளுக்கெல்லாம் சாயம் பூசியிருந்தார்கள். வெள்ளையில் ஏறலாம், சிவப்பில் ஆளும் படக் கூடாது, சாமானும் படக் கூடாது, பட்டால் மதிப்பெண் போச்சு என்று கர்னல் விளக்கினார்.

தடைகளுக்கும் ஸ்டோருக்கும் நடுவே, தென்னைகளுக்குத் தண்ணீர் போகும் அகலமான வாய்க்கால் ஒன்று ஓடியது. அதன்மேல் பாலமாக ஒரு சிவப்புப் பலகை. காவலாளி அப்புசாமி அதன்மேல் செருப்பைத் தட்டிக்கொண்டு வந்து கும்பிட்டார்.

"பழைய தடைப் பலகைங்க. சும்மா கெடந்துச்சு. நேத்து பொழுதுசாயத் தண்ணி திருப்பி உட்டேன், நடக்கறவங்க சேத்துல இறங்க வேண்டாம்னு தூக்கிப் போட்டேன். இன்னிக்கு எல்லாரும் இதுமேலதான் போறாங்க வாராங்க."

எல்லாரும் என்று சொல்ல முடியாது. பலகைக்குப் பக்கத்திலேயே, கைநீட்டினால் தொடும் தூரத்தில், சேற்றில் ஆழமான காலடிகள் ஸ்டோரிலிருந்து தடைப்பக்கம் போயிருந்தன; திரும்பியும் வந்திருந்தன. முகாமில் எல்லாருக்கும் ஒரே மாதிரி கேன்வாஸ் ஷூ. அதனால் அடியைப் பார்த்து ஆளைச் சொல்ல வழியில்லை. போகிற வழியெல்லாம் வெள்ளைப் பட்டி பொட்டுப்பொட்டாகச் சிந்தியிருந்தது.

"ஸ்டோர்ல பட்டி எடுத்துட்டுப் போயிருக்கான். இருட்டுல பலகை தெரியாம சேத்துல இறங்கிட்டான்," என்று உடனே தீர்ப்புச் சொன்னான் ஷாநவாஸ்.

"போறப்பத் தெரியலை, சரி. முழங்கால்வரைக்கும் சேறாகி, திரும்பி வர்றப்பவும் தெரியலையா? பலகைல வெள்ளைப் பட்டி ஒரு சொட்டு விழுந்திருக்கு பாரு. எட்டிப் பார்த்திருக்கான், ஆனா ஏறலை."

அப்போது ஹிபா வந்தாள். நெஞ்சில் ஏழு. யாரோ கூப்பிட்டார்கள் என்று வாய்க்காலைத் தாண்டி நேராகச் சிவப்புப் பலகைமேல் நடந்து வந்து நின்றாள். அழுது முடித்த முகம். ஆனால் நின்ற நிலையில் ஒரு கோணல் இல்லை.

"நான் அறுக்கலீங்க," என்றாள். "எங்கத்தா பட்டறைல ஆக்சா பிளேடு கெடக்குதுதான். நானே கிரில் அறுத்திருக்கேன். அதுக்காக ஒருத்தன் கையை ஒடிப்பனாங்க? என் பேரை எடுத்துட்டா எடுத்துக்குங்க. ஆனா கையை ஒடிச்சவன்னு எழுதி அனுப்பாதீங்க. அத்தா தாங்க மாட்டாரு."

ஷாநவாஸ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டான். கணக்குச் சரியாக இருக்கிறது என்று வாய் கூசாமல் சொன்னவன் அவன்தான்.

"உன்கூட இருந்த பையனை என்னன்னு கூப்பிடுவீங்க கண்ணு?" என்று கேட்டார் புவனா.

"பதினொன்னுன்னுதானுங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்பத்தான் அவன் பேரே தெரியும்."

மணி நாலைத் தாண்டியது. கமிட்டிக்காரர்களின் கார்கள் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தன. கர்னல் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புவனாவோ ஒரு சாவகாசத்தோடு, "எல்லாருக்கும் ஸ்டோர் வராந்தால டீ கொடுக்கச் சொல்லுங்க," என்றார்.

தடைப்பக்கம் நின்றவர்கள் ஒவ்வொருவராக வாய்க்காலைத் தாண்டி வந்தார்கள். நேர்காணல் அதிகாரி பலகைமேல் வந்தார். மனத்தைப் பார்க்கும் அம்மாள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலகைமேல் வந்தார். மனோஜ்குமார் வந்தார், நாற்பது வயதிருக்கும், ஓட்டக்காரரின் உடம்பு. போனில் பேசிக்கொண்டே வந்தவர் பலகை அருகே ஒரு கணம் தயங்கி, ஒதுங்கி, வாய்க்காலை ஒரே தாவலாகத் தாவினார். அக்கரைச் சேற்றில் ஒரு கால் புதைந்தது. அதைக் கண்டுகொள்ளாமல் டீயை எடுத்துக்கொண்டார்.

ஷாநவாஸ் அந்தச் சேற்றுக் காலையே பார்த்தான். இந்தத் தடவை அவன் வாயைத் திறக்கவில்லை.

"முதல் விஷயம்," என்று ஆரம்பித்தார் புவனா. "பலகையை அறுத்தது ராத்திரி; நேத்து பொழுதுசாயத் தண்ணி விட்டப்புறம் ஆன சேத்துலதான் பட்டி சிந்தின காலடி இருக்கு. அந்த நேரத்துக்கு யாரைக் கேட்டாலும் காலைல முதல்ல ஏறப் போறது ஏழாம் எண்ணுன்னுதான் சொல்லுவாங்க. வரிசையைக் கர்னல் மாத்தினது கடைசி நிமிஷத்துல. தான் ஏறப் போற பலகையைத் தானே எவளாவது அறுப்பாளா? இந்தப் பலகை ஹிபாவுக்கு வெச்சது. ரித்விக் விழுந்தது தப்பிப் போன குறி."

"அப்ப ரித்விக்கேவா?" என்றார் கர்னல்.

"அறுத்தது தெரிஞ்சவன் பலகை நடுவுல முழுப் பாரத்தோட கால் வைக்க மாட்டானுங்க. அவனுக்குத் தெரியாது. தெரிஞ்ச ஒருத்தர் மட்டும் இங்க இருந்தார். மைதான அதிகாரிக்கு ஒரு விதி உண்டில்லீங்களா?"

"தேர்வு நடக்கறப்ப வாயைத் திறக்கக் கூடாது. புள்ளை தப்பாப் போனாலும், கீழ விழுந்தாலும், பார்த்துட்டு நிக்கணும்."

"மனோஜ்குமார் வாயைத் திறந்தார். அதுவும் பலகை உடையறதுக்கு முன்னால. அந்த நேரத்துல மத்தவங்களுக்கு அது வெறும் பலகை. எதுக்காக நிக்கச் சொன்னார்? இன்னொன்னு, என்னன்னு கூப்பிட்டார்? பதினொன்னுன்னு இல்லை. கூட இருந்த ஹிபாவுக்கே தெரியாத பேரு. அதுலயும் ஊட்டுல கூப்பிடற செல்லப்பேரு. கர்னலுக்கு எல்லாப் பேரும் தெரியுங்கறதால அது காதுல உறுத்தலை."

மனோஜ்குமார் சிரிக்கப் பார்த்தார். "பதட்டத்துல யாருங்க விதியைப் பார்ப்பாங்க? பசங்க பேசறதைக் கேட்டிருப்பேன். இதை வெச்சு ராத்திரி நாந்தான் வந்தேன்னு எப்படிங்க சொல்றீங்க?"

"உங்க காலைப் பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். சேறு கணுக்கால்வரை ஏறியிருந்தது.

"எல்லாரும் பாலத்துல வந்தாங்க. நீங்க மட்டும் தாவினீங்க. ராத்திரி வந்த ஆளும் பலகையைப் பார்த்துட்டுச் சேத்துல இறங்கினான். சிவப்பைத் தொடாதேன்னு வருஷக்கணக்கா உங்க பயிற்சி மையத்துல கத்திக் கத்தி, அது உங்க காலுக்கே பழகிப்போச்சு. இங்க சிவப்புன்னா விலகற கால் உங்க கால் ஒண்ணுதானுங்க. ரித்விக் உங்களுக்கு என்ன வேணும்?"

மனோஜ்குமார் கிளாஸைக் கீழே வைத்தார். முகத்தில் இருந்த விறைப்பு மொத்தமாகக் கழன்றது.

"அக்கா பையனுங்க. சொந்தம் யாருமில்லைன்னு கர்னல்கிட்டப் பொய் சொல்லிப்போட்டேன். என்னை மூணு தடவை ராணுவ இண்டர்வியூவுல திருப்பி அனுப்பிச்சாங்க. இவனாவது போகட்டும்னு... பள்ளம் மூணடிதானுங்க. அந்தப் புள்ளை தடுமாறி நின்னாப் போதும்னுதான் நெனச்சேன். யாருக்கும் காயம் ஆகும்னு நெனைக்கலீங்க."

"உங்க அக்கா பையன் ஏறறதைப் பார்த்ததும் நெனச்சீங்களே," என்றார் புவனா.

கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். ஆனாலும் அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க ஷாநவாஸுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

"மதிப்பெண் உங்க கையிலதானே இருந்துச்சு?" என்று கேட்டார் கர்னல். "பலகையை எதுக்கு அறுக்கணும்?"

"ஏழுக்குத்தானுங்க அதிகமாப் போட்டிருக்கேன்." மனோஜ்குமார் தலை நிமிரவில்லை. "அதுல பொய் எழுதக் கை வரலீங்க."

கர்னல் அவரை உள்ளே உட்காரவைத்து, போலீசுக்குப் போன் போட்டார். பிறகு ஹிபாவிடம் வந்தார். நீதான் தேர்வு என்று சொல்லப்போகிறார் என்று ஷாநவாஸ் கைதட்டத் தயாரானான்.

"ஏழு. உங்க கட்டளைத் தேர்வு இன்னும் பாக்கி. புதுப் பலகை போட்டாச்சு. பத்து நிமிஷம்."

"ஏனுங்க சார், இன்னிக்கு இந்தப் புள்ளை பட்ட பாடு பத்தாதுங்களா?" என்று வெடித்தான் ஷாநவாஸ்.

"இல்லீங்கண்ணா, அவரு சொல்றது சரி," என்றாள் ஹிபா. ஷூ நாடாவை இறுக்கினாள். "ரெண்டு ஆள் வேணும். அப்புசாமியண்ணா வாங்க. நீங்களும் வாங்க."

மாட்டிக்கொண்டான் ஷாநவாஸ். பலகையை எங்கே நீட்டுவது, யார் முன்னால் போவது, கயிற்றை எங்கே கட்டுவது என்று அவள் சொல்லச் சொல்ல, ட்ரம் முக்கால் தூரம் நகர்ந்தது. அப்புசாமியும் ஹிபாவும் அக்கரை சேர்ந்துவிட்டார்கள். ஷாநவாஸ் பலகை நடுவில் வந்ததும் கீழே பார்த்தான். காலையில் அங்கேதான் ஒருவன் கை ஒடிந்தது. முன்னால் போகவும் முடியவில்லை, பின்னால் திரும்பவும் முடியவில்லை.

கர்னல் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஒரு இழுப்பு இழுத்தால் ட்ரம் கரை சேரும். ஹிபா ட்ரம்மைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கயிற்றை அங்கேயே கட்டி நிறுத்திவிட்டுப் பலகைமேல் திரும்பி வந்தாள்.

"கீழ பாக்காதீங்கண்ணா. என் தோளைப் புடிங்க. நான் முதல்லயே மிதிச்சுப் பாத்துட்டேன், கெட்டியா இருக்கு. வாங்க, மெதுவா."

அவன் அக்கரையில் கால் வைத்தபோது விசில் ஊதியது. ட்ரம் இன்னும் பள்ளத்துக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. என்னால் கெட்டுப்போச்சு என்று ஷாநவாஸுக்கு அழுகை முட்டியது.

"முடிக்கலீங்க சார்," என்றாள் ஹிபா, நேராக நின்று.

"ட்ரம்மை அப்புறம் எடுத்துக்கலாம். உங்க ஆளுக ரெண்டு பேரும் வந்துட்டாங்கல்ல," என்றார் கர்னல். "கமிட்டிக்குப் போற பேரு உங்க பேருதான். ஊட்டுக்குச் சொல்லுங்க, கண்ணு."

போன் இரண்டாவது மணியிலேயே எடுக்கப்பட்டது. மின்சாரம் வந்துவிட்டிருக்க வேண்டும்; கிரில் அறுக்கும் சத்தத்துக்கு நடுவே யாரோ என்னாச்சு, என்னாச்சு என்று கத்துவது பக்கத்தில் நின்ற ஷாநவாஸுக்கும் கேட்டது.

"அத்தா, மெசினை நிறுத்துங்க," என்றாள் ஹிபா.