நாற்பத்தைந்து நிமிட மௌனம்

துபாய் க்ரீக் ஓரத்தில், பழைய முத்து வியாபாரி ஒருவரின் வீட்டில் எங்கள் காட்சியகம் இருக்கிறது. அங்கே நான் பதினொரு வருடமாக ஸ்டோர் கீப்பர். சத்வாவிலிருந்து பஸ் ஏறி, காலை ஏழே முக்காலுக்குச் சாவி போடுவேன். ஒரு நாளும் பிந்தியதில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் சொல் தவறியதில்லை.

பின்கட்டில் இருக்கும் சேமிப்பு அறை என் பொறுப்பு. ஹிட்லர் காலத்தில் கொன்று குவிக்கப்பட்ட யூத மக்களின் பொருள்கள் மூன்று வருடமாக அங்கே இருக்கின்றன. சாம்பல் நிற அட்டைப் பெட்டிகளில் புகைப்படங்கள், கடைசிக் கடிதங்கள், தப்பிப் பிழைத்தவர்கள் பேசிய ஒலிநாடாக்கள். நடு அலமாரியில் ஒரு குழந்தையின் ஷூ. இடது கால் மட்டும். ஏசி எப்போதும் இருபத்தொன்றில் ஓடும். அதை நிறுத்தக் கூடாது. கையுறை இல்லாமல் எதையும் தொடக் கூடாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. பெட்டியைத் திறக்கும் முன் அதன்மேல் எழுதியிருக்கும் பெயரை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அதைக் கொண்டுவந்தவள் எங்கள் ஆவண அதிகாரி கஜந்தி, யாழ்ப்பாணத்துப் பெண்.

"அவையின்ர வீட்டுக்குள்ள போற மாதிரித்தானே, ஐயா. கூப்பிட்டிட்டுப் போறதுதான் மரியாதை" என்றாள்.

போலந்துப் பெயர்கள் என் வாயில் நுழையாது. ஆனாலும் வாசிப்பேன். ஷூ பெட்டியில் மட்டும் பெயர் இல்லை. "பெயர் தெரியாதவர்" என்று சொல்லிவிட்டுத் திறப்போம்.

போன ஆகஸ்டில், அதே போர்க்காலத்தில் சிதைக்கப்பட்ட மற்ற மக்களுக்காகவும் ஓர் அறை திறக்க முதலாளி முஆத் முடிவு செய்தார். மலேசியாவிலிருந்து ஒரு கேசட் வந்தது. சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துப் போன தோட்டத் தமிழர்களைப் பற்றியது. மேலே "அஞ்சலை, 1984" என்று எழுதியிருந்தது.

"இந்தத் தோட்டப் பேச்சு எனக்கு முழுசா விளங்கேல்லை, ஐயா. நீங்கள் ஒருக்காக் கேட்டு எழுதித் தருவியளோ? வேற பிரதியும் இல்லை. இது ஒண்டுதான்."

பெருமையோடு வாங்கிக்கொண்டேன். என் தாத்தா முத்துக்கருப்பன் மலாயாவில் ரப்பர் தோட்டத்து ஆட்களை மேய்த்த பெரிய கங்காணி. பஞ்சத்தில் தன் ஆட்களுக்குச் சோறு போட்டவர் என்று எங்கள் ஊர் நுழைவாயில் வளைவிலேயே பொறித்திருக்கிறது. வரும் தை மாதம் அவருக்குச் சிலை திறக்கிறோம். தலைமை உரை என்னுடையது.

சேமிப்பு அறையில் உட்கார்ந்து, "அஞ்சலை" என்று வாசித்துவிட்டு, கேசட்டை ஓட விட்டேன்.

கிழவியின் குரல் அவசரமில்லாமல் வந்தது. தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். எங்கள் தாத்தா கங்காணியாக இருந்த தோட்டம்.

"வீட்டுக்கு ஒரு ஆம்பளைன்னு ஜப்பான்காரன் கேட்டான். பெரிய கங்காணிதான் பேர் எழுதுனாரு. அவரு வீட்டுக்கு அவரு மகன் பேரு வந்துச்சு. அதை அடிச்சுட்டு என் மகன் பேர எழுதுனாரு. வேலாயுதம். பதினஞ்சு வயசு. ஏற்கெனவே என் புருசன் போயிருந்தாரு, தம்பி. எங்க வீட்டுலருந்து ரெண்டு பேரு."

கொஞ்சம் நிறுத்தினாள்.

"அந்தக் கங்காணி பேரு முத்துக்கருப்பன்."

தாத்தாவுக்கு ஒரே மகன். அவர்தான் என் அப்பா.

அன்று சாயங்காலம் கஜந்தி வந்து கேட்டாள். "இன்னும் கேக்கலைம்மா" என்றேன்.

அந்தக் காலத்தில் கல்ஃபுக்கு வந்த எங்களுக்குக் கேசட்தான் கடிதம். ஊருக்குப் பேசி அனுப்புவோம்; அவர்கள் அதே கேசட்டில் எங்கள் குரலை அழித்து, தங்கள் குரலைப் பதிந்து திருப்பி அனுப்புவார்கள். அழியக் கூடாது என்றால் கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பல்லை உடைத்துவிடுவோம். உடைத்த பிறகு மனம் மாறினால், அந்தக் குழியில் செல்லோ டேப் ஒட்டிவிட்டு மறுபடி பதியலாம்.

அஞ்சலையின் கேசட்டில் பல்லை உடைத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் காட்சியகம் மூடியிருக்கும். வாசலில் காவலாளி நூஹு ஜும்மாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். காயல்பட்டினத்துப் பையன், வாய் சும்மா இராது.

"என்ன அண்ணாச்சி, லீவு நாள்லயும் சாவியத் தூக்கிட்டு வந்துட்டிய? வீட்ல டீ கெடைக்கலையா?"

"ஒரு கணக்கு பாக்கணும். நீ போய்த் தொழு."

என்னுடைய பழைய டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரைப் பையில் கொண்டுபோயிருந்தேன். குழியில் செல்லோ டேப் ஒட்டினேன். அழிக்க வேறு குரல் எதுவும் வேண்டாம், மௌனம் போதும் என்று தோன்றியது. ஏசியின் இரைச்சல் விழாமலிருக்க அதையும் நிறுத்தினேன்.

சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம்.

வெளியே நாற்பத்து நான்கு டிகிரி வெயில். ஏசி நின்ற அறையில் சூடு ஏறியிருக்க வேண்டும். சுவரிலிருந்த வெப்பமானியைப் பார்த்தேன்.

பத்தொன்பது.

கொஞ்ச நேரம் கழித்துப் பதினாறு.

ஈர மரத்தின் வாடை வந்தது. கூடவே, நெடுநேரம் அடைபட்ட கூட்டத்தின் வியர்வை வாடை. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. பொத்தான் தானாக எகிறியது.

சரியாக அழிந்ததா என்று பார்க்க நாடாவைப் பின்னால் சுற்றி ஓட விட்டேன்.

முதலில் வெறும் இரைச்சல்.

பிறகு, டக்.

ஓர் இடைவெளி. மறுபடி டக்.

சிமெண்ட் தரையில் யாரோ நடந்தார்கள். ஒரு காலில் மட்டும் ஷூ.

அப்புறம் ஒரு பெண் ஏதோ சொன்னாள். அவளை அடுத்து ஓர் ஆண். பிறகு ஒரு கிழவர். ஆளுக்கு இரண்டு சொல், அவ்வளவுதான். என்ன மொழி என்று விளங்கவில்லை. நான்காவது குரலில்தான் எனக்குப் பிடிபட்டது.

அவை பெயர்கள். அலமாரியில் இருந்த அதே வரிசையில். மூன்று வருடமாக நான் தப்பும் தவறுமாக வாசித்த பெயர்கள், சரியான உச்சரிப்பில்.

கடைசியாக, மெதுவாக, தமிழில்.

"வேலாயுதம். பதினஞ்சு வயசு."

இரைச்சல்.

"கேக்குதா, தம்பி?"

சனிக்கிழமை காலை கேசட்டைக் கஜந்தியின் மேசையில் வைத்தேன்.

"தெரியாம ரெக்கார்ட் பட்டன்ல கை பட்டுடுச்சு. அழிஞ்சு போச்சும்மா."

அவள் கையுறை போட்டுக்கொண்டு அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"கை பட்டால் செல்லோ டேப்பும் ஒட்டுமோ, ஐயா?"

நான் நிமிர்ந்தே நின்றேன். அறுபத்து மூன்று வயதில் ஒரு சின்னப் பெண் முன் தலை குனிய எனக்குத் தெரியாது. அவள் கேசட்டை அதன் பெட்டிக்குள் வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"எங்கட ஊரிலயும் இப்பிடித்தான் கனபேரின்ர பேர் அழிஞ்சு போனது" என்றாள்.

"நான் முழுசாக் கேட்டேன். ஞாபகம் இருக்கு. நானே பேசித் தர்றேன்" என்றேன்.

கணினி முன் உட்கார்ந்து பேசிப் பதிந்தேன். அஞ்சலை சொன்னதை ஏறக்குறைய அப்படியே சொன்னேன். வேலாயுதத்தின் பெயரையும் சொன்னேன். ஓர் இடத்தில் மட்டும், "ஒரு கங்காணி" என்றேன். அவ்வளவுதான் மாற்றம். பெரிய பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கஜந்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். பாதியில் முகம் சுருங்கியது. பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள்.

"நீங்கள் பேசேக்க இங்க வேற ஆரும் இருந்தவையோ?"

"இல்லையே."

"'ஒரு கங்காணி' எண்டு நீங்கள் சொன்ன உடன, பின்னால ஒரு அம்மா சொல்லுறா. முத்துக்கருப்பன் எண்டு." ஹெட்போனைக் கழற்றினாள். "ஆர் ஐயா அது?"

ஏசி இருபத்தொன்றில் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியலை" என்றேன்.

அன்று சாயங்காலம் சத்வா அறையில் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஊரிலிருந்து தம்பி மகன் ஷ்யாம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். வளைவின் கீழே புதிதாகக் கட்டிய பீடம். விழாக் கமிட்டி வாங்கிய புது மைக் செட்டைச் சோதிக்கிறார்கள். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்." குழாய் ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டது. பிறகு இரைச்சல்.

"கேக்குதா, தம்பி?"

வீடியோ முடிந்தது. கீழே ஷ்யாம் எழுதியிருந்தான்.

"பெரியப்பா, எந்தப் பாட்டு போட்டாலும் இந்த அம்மா குரல்தான் வருது. ஒரே பேரத் திரும்பத் திரும்பச் சொல்லுது. நம்ம குடும்பத்துல வேலாயுதம்னு யாராச்சும் இருந்தாங்களா?"

சிலை, வளைவு, அப்பாவின் முகம், என் மூன்று பிள்ளைகள், எல்லாம் தாத்தா பட்டியலில் அடித்த அந்த ஒரு பெயருக்குப் பின்னால் வரிசையாக நின்றன.

"இல்லை" என்று அடித்தேன்.

அனுப்பும் பொத்தானில் விரல் வைத்தபோது அறைக்குள் சில்லென்று ஆனது. ஈர மரத்தின் வாடை வந்தது.

எனக்குப் பின்னால், டைல்ஸ் தரையில், டக்.

ஓர் இடைவெளி.

டக்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பேன். அந்த ஷூவுக்குத்தான் பெயரே இல்லையே.