ஜூலையில் ஒரு பனிப்புயல்

"வீ...ல்!"

அலறல் சட்டசபை உறுப்பினர்களின் ஓய்வறையிலிருந்து வந்தது. அவைக் காவலர் வாண்டா க்ருபிக்கா பறந்தாள்.

சோபாவில் டெல்பர்ட் ஹோகன்சன், எம்.எல்.ஏ. வயது எழுபத்தொன்பது. வாய் பிளந்து, தலை தொங்கி... கையில் பாதி கடித்த எலுமிச்சைக் கேக்!

"செத்துட்டாரு! கொலை!" என்று அலறினாள் துப்புரவுப் பெண்.

வாண்டா நாடியைப் பிடித்தாள்.

"கத்தாதம்மா. உயிர் இருக்கு."

உயிர் இருந்ததுதான் வம்பே!

ஜனவரியில் அடித்த பனிப்புயலுக்காகக் கவர்னரம்மா ஒரு எமர்ஜென்சி போட்டார். பனி உருகியது. ரோடு காய்ந்தது. இப்போது ஜூலை வெயிலில் மண்டை பிளக்கிறது... எமர்ஜென்சி மட்டும் உருகவே இல்லை! அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு பென்ஷன்காரர்கள் தலையில் ஒரு 'பனி வரி'யையும் கட்டிவிட்டார்.

இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கலாமா? இன்றைக்கு ஓட்டெடுப்பு. ஆதரவும் எதிர்ப்பும் சரிபாதி. நடுவில் டெல்பர்ட். எந்தப் பக்கம் என்று மனிதர் மூச்சு விடவில்லை. ஓட்டு சமமானால் தீர்மானம் காலி. எமர்ஜென்சி காலி. வரியும் காலி!

வாண்டா அடுத்த மாதம் ரிடையர் ஆகிறாள். பென்ஷனை நம்பி ஒரு வேன் வாங்கி ஊர் சுற்ற ஆசை. பனி வரி நீடித்தால் வேனில் ஸ்டியரிங் மட்டும்தான் கிடைக்கும்.

கவர்னரின் வலதுகை க்ரெய்க் ஃபைஃபர் உள்ளே பாய்ந்தான். கேக்கை மோந்து பார்த்தான்.

"மயக்க மருந்து! இவரு ஓட்டுப் போடலைன்னா யாருக்கு லாபம்? பென்ஷன் வாங்கப் போறவங்களுக்கு! இந்த ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட..."

"அதான் பார்த்தேன்! வாண்டா மேடம், உங்க பென்ஷனுக்கு வரி என்ன வரி... பென்ஷனே இல்லாமப் பண்ணிடறேன்!"

காபி கொண்டுவர ஓடினான். வாண்டா அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

மூலையில் டெல்பர்ட்டின் மனைவி ஆர்லிஸ். மடியில் கேக் டப்பா. கையில் ஸ்வெட்டர் ஊசி. நிதானமாகப் பின்னிக்கொண்டிருந்தாள்!

"ஏன் ஆர்லிஸ்... புருஷன் செத்துட்டார்னு கத்தறாங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் விடலியே நீங்க?"

"எதுக்கு? ராத்திரி சாப்பாட்டுக்கு எழுந்துடுவாரு."

"நீ... நீங்களா?!"

"ஷ்ஷ்! என் தூக்க மாத்திரைதான். முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினேன் வாண்டா! அந்தப் பென்ஷனை இந்த மனுஷன் வித்துட்டாரு. எதுக்குத் தெரியுமா? ஆத்துப் பாலத்துக்கு இவரு பேரு வைக்கறாங்களாம்! நேத்து போன்ல இந்த க்ரெய்க்கிட்ட சரின்னு பல்லிளிக்கறாரு. நெஞ்சு எரிஞ்சு போச்சு... கேக் சாப்பிடறீங்களா?"

"வேணாம் தாயே!"

க்ரெய்க் திரும்பி வந்தான். சக்கர நாற்காலி, கறுப்புக் காபி, பின்னாலேயே டாக்டர். முகத்தில் பனிக்கட்டித் தண்ணீர் சளேரென்று விழுந்ததும் டெல்பர்ட் ஒரு கண்ணைத் திறந்தார்.

"பாலம்... பாலம்..."

"முழிச்சுட்டாரு! தள்ளு உள்ளே!"

வாண்டா குறுக்கே நின்றாள்.

"ஒரு நிமிஷம் சார். மயக்க மருந்து குடுத்த ஆளை ஓட்டுப் போட விட்டா, ஓட்டு செல்லுமா? முதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் போலீஸ். நீங்கதானே மருந்துன்னீங்க?"

க்ரெய்க் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"மருந்தாவது மண்ணாவது! வயசானவரு... சாப்பிட்டாரு... கண்ணசந்துட்டாரு!"

"டாக்டரைப் பார்த்துச் சொல்லுங்க."

"குத்தமே நடக்கலை டாக்டர்! வெறும் தூக்கம்!" என்றவன், கேக்கையும் டப்பாவில் மிச்சமிருந்ததையும் தானே கழிவறையில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டான்!

வாண்டாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் நாற்காலி சபையை நோக்கி உருண்டுகொண்டிருந்ததே! டெல்பர்ட்டின் விரல் ஒரு பொத்தானைத் தொட்டால் போதும். அவள் முன்னால் ஓடினாள்.

உள்ளே சபாநாயகரின் சுத்தியல் இடித்தது.

"ஓட்டெடுப்பு ஆரம்பம்! கதவைச் சாத்துங்க!"

நாற்காலி வாசலுக்கு நாலடி தூரத்தில் இருந்தது.

சபாநாயகர் உத்தரவு என்றால் உத்தரவு. வாண்டா வெளியே நின்றபடியே கதவைச் சாத்தினாள். பூட்டினாள். சாவியைப் பையில் போட்டாள்.

"திறங்க மேடம்!"

"ஓட்டு நடக்கறப்போ கவர்னரே வந்தாலும் திறக்கறதில்லை சார்."

க்ரெய்க் கதவில் முட்டினான். ஆர்லிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். டெல்பர்ட் குறட்டை விட்டார்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"இரு பக்கமும் சமம். தீர்மானம் தோல்வி!"

பார்வையாளர் மாடத்தில் கிழவர்களும் கிழவிகளும் போட்ட கூச்சலில் கட்டடமே ஆடியது. வாண்டாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

க்ரெய்க் முகம் சிவந்து கத்தினான்.

"மறு ஓட்டு எடுக்கணும்! திற கதவை! கவர்னரோட எமர்ஜென்சி அதிகாரத்துல உத்தரவு போடறேன்!"

வாண்டா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"எந்த எமர்ஜென்சி சார்? அதைத்தானே உள்ளே இப்போ பொதைச்சுட்டு இருக்காங்க!"